ஏஐ செய்து தரும் பக்கத்தை வைத்து அணுகத்தக்க வடிவமைப்பு படிப்பிக்கலாமா?

கிளிநொச்சி டீச்சர்:
வணக்கம். உயர்தர ஐசிடி படிப்பிக்கிறேன். கண் தெரியாதவரும் கை ஏலாதவரும் பாவிக்கக்கூடியதாக, கிளினிக்குக்கு நம்பர் எடுக்கும் பக்கம் ஒன்றைச் செய்யச் சொன்னேன். போரில் காலோ கண்ணோ போன ஒருவர் இல்லாத ஒழுங்கை எங்கள் பக்கம் குறைவு, அதனால் பிள்ளைகளுக்கு ஏன் என்று விளங்கும். ஆனால் எல்லாரும் ஏஐயிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கம் வடிவுதான், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. தடுக்கவா, விடவா?

முல்லைத்தீவான்:
தடுக்காதீர்கள் டீச்சர். அதே பக்கத்தைத் திறந்து, மவுஸைக் கழற்றிவிட்டு, டாப் விசையாலும் என்டராலும் மட்டும் பதியச் சொல்லுங்கள். என்னிடம் படிக்கிற பெடியன் ஒருவன் கொண்டுவந்ததில் ‘பதிவு செய்’ பார்வைக்குத்தான் பொத்தான், உள்ளே வெறும் டிவ், அதாவது பொத்தான் என்று பிரவுசருக்குத் தெரியாத பெட்டி, டாப் அதில் நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அவனே கோட்டைத் திறந்து பட்டன் டேக்காக மாற்றினான், நின்றது. இப்போது எந்தப் பக்கம் வந்தாலும் முதலில் டாப்பைத்தான் தட்டிப் பார்க்கிறான். நிறத்துக்கு, சாதாரண அளவு எழுத்தென்றால் பின்னணியோடு 4.5:1 வேறுபாடாவது வேண்டும். அதை ஏஐயிடம் கேட்காமல் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் அளக்க வையுங்கள்.

வவுனியா அண்ணா:
எனக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளைப் பாவிக்கிறேன். இலவசம், பென்டிரைவில் போட்டும் ஓடும், ஆகவே லாப்பில் நெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏஐ தந்த கோட்டில் முதலில் மொழி எது என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். எனக்குக் காட்டிய தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றில் ஆங்கிலம் என்றே இருந்தது, அப்படியென்றால் என் கணினியில் ஆங்கிலக் குரல்தான் வரும், தமிழ் விளங்காது. அதைவிடக் கொடுமை, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் தட்டியதை அப்படியே ஒட்டுவது. நீங்கள் ‘அம்மா’ என்று பார்ப்பீர்கள், எனக்கு எம், கே, செமிகோலன், கே, எச். யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். படத்துக்கு ஏஐ எழுதும் விவரமும் அப்படித்தான், ‘ஒரு கட்டடம்’ என்று எழுதிவிட்டுப் போகும். எனக்கு வேண்டியது வாசல் எந்தப் பக்கம், படி எத்தனை என்பது. அதைப் பிள்ளைகள்தான் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

கிளிநொச்சி டீச்சர்:
எங்கள் அறிவித்தல் எல்லாமே பாமினிதான் அண்ணா, இவ்வளவு நாளும் எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அதிலிருந்தே தொடங்குகிறேன். தம்பி சொன்ன மவுஸ் வேலையும் அதோடு. அண்ணா, ஒருநாள் வகுப்புக்கு வர ஏலுமா? பிள்ளைகள் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டால் நல்லது.

வவுனியா அண்ணா:
சனிக்கிழமை வரலாம். ஏ9 வீதியில் பஸ்ஸால் இறங்கும் இடத்தில் ஒரு பிள்ளையை நிற்க விடுங்கள்.