சின்ன அறை, நாலு மைக்: 1970 வாக்கிலான ராக் டிரம்ஸ் சத்தம் கிடைக்குமா?

கிக்_பெடல் (கேள்வி)

வணக்கம். 1968 முதல் 72 வரை வந்த பிரிட்டிஷ் ராக் ஆல்பங்களில் கேட்கிற டிரம்ஸ் சத்தம் வேண்டும். செட் முழுவதும் ஒரே வாத்தியமாகக் கேட்க வேண்டும், ஸ்நேர் (அடியில் கம்பிச்சுருள் உள்ள டிரம்) கனமாக விழ வேண்டும், சிம்பல் காதைக் குத்தக் கூடாது.

கையில் இருப்பது: 22 அங்குல கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 12, 13 அங்குல டாம், 16 அங்குல ஃப்ளோர் டாம் உள்ள மேப்பிள் செட். டாம்களில் இரட்டை அடுக்கு க்ளியர் ஹெட் (டிரம் தோல்). கிக்கின் முன் ஹெட்டில் 5 அங்குல ஓட்டை, உள்ளே தலையணை. ஸ்டீல் ஸ்நேர், 14க்கு 5½. அறை 14க்கு 12 அடி, சீலிங் 9 அடி. இன்டர்ஃபேஸில் 4 ப்ரீஆம்ப், அதாவது ஒரே நேரத்தில் நாலு மைக். பெரிய டயாஃப்ரம் கண்டென்சர் இரண்டு, எஸ்எம்57 மைக் ஒன்று, டி112 கிக் மைக் ஒன்று.

இப்போது கண்டென்சர் இரண்டும் சிம்பல்களுக்கு மேலே இடமும் வலமுமாக நிற்கின்றன. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. சேர்த்து மோனோவில் கேட்டால் ஸ்நேர் மெலிந்துவிடுகிறது. சிம்பல்தான் முன்னால் வருகிறது. கிக்கில் க்ளிக் மட்டும் கேட்கிறது. ஈக்யூவில் மேலே குறைத்தால் மொத்த செட்டும் மங்குகிறது. டேப் ப்ளக்-இன் போட்டும் பெரிதாக மாற்றமில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தோல்கட்டு

மைக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஹெட்டை மாற்றுங்கள். இரட்டை அடுக்கு க்ளியர், ஓட்டை போட்ட கிக், உள்ளே தலையணை இதெல்லாம் ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு மைக் வைத்து எடுப்பதற்குத் தோதான அமைப்பு. மைக் ஒரு மீட்டர் தள்ளிப் போனதும் அந்த டிரம்களிடமிருந்து வர வேண்டிய சத்தமே வராது, சிம்பல் மட்டும் வந்து சேரும்.

டாம்களுக்கு மேலும் கீழும் ஒற்றை அடுக்கு கோட்டட், ரெமோ கோட்டட் அம்பாசடர் போன்ற 10 மில் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு) தடிமன் ஹெட். ஸ்நேருக்கு மேலே அதேதான். கீழ் ஹெட்டை முதலில் ட்யூன் பண்ணுங்கள். லக் (ஹெட்டை இறுக்கும் திருகு) எல்லாவற்றையும் விரலால் இறுக்கி, எதிரெதிர் லக்காகக் கால் சுற்று கால் சுற்றாகப் போங்கள். நடுவில் உள்ளங்கையால் அழுத்தும்போது சுருக்கம் மறைகிற இடத்திலிருந்து இன்னும் அரைச் சுற்று. மேல் ஹெட் அதைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். பெரிய சத்தம் என்றால் ட்யூனிங் தாழ்வாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். லெட் ஸெப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹாம் 26 அங்குல கிக் வைத்திருந்தும் ட்யூனிங்கை உயர்த்தியே வைத்தார். உயர்ந்த ட்யூனிங்கில்தான் டிரம் தூரத்து மைக் வரைக்கும் எட்டும்.

நீங்கள் சொல்லும் அந்த வருடங்களுக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது, அதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்று, எதையும் அடக்காமல் திறந்துவிடுவது. இன்னொன்று பீட்டில்ஸின் கடைசி வருடங்களில் ரிங்கோ செய்தது: டாம்கள் மேலும் ஸ்நேர் மேலும் டீ டவல் போட்டு வாசிப்பது. இரண்டையும் கலந்தால் இரண்டுமே கிடைக்காது. அடக்கும் வழிக்கு நம் ஈரிழைத் துண்டு கச்சிதமானது. ஒரே மடிப்பாக ஹெட் முழுவதும் மூடினால் ரிங் போய் அடி மட்டும் நிற்கும். பாதி மூடினால் கொஞ்சம் நாதம் மிஞ்சும். சொரசொரப்பான தடித்த டர்க்கி டவல் வேண்டாம், குச்சியின் அடியையே விழுங்கிவிடும்.

கிக்குக்கு ஓட்டையில்லாத முன் ஹெட் போடுங்கள். தலையணையை எடுத்துவிட்டு, அடிக்கிற ஹெட்டின் உள்பக்கம் 2 அங்குல அகல ஃபெல்ட் பட்டை ஒன்றை மேலிருந்து கீழாக இழுத்து வையுங்கள். பீட்டர் (பெடலில் கிக்கை அடிக்கும் தலை) கட்டாயம் ஃபெல்ட். உங்கள் க்ளிக்குக்குப் பாதிக் காரணம் ஓட்டைக்குள் போன மைக், மீதி பிளாஸ்டிக் பீட்டராக இருக்கும்.

வாசிப்பையும் சொல்லியாக வேண்டும். இப்படிச் சில மைக் மட்டும் வைக்கும் ரெக்கார்டிங்கில் ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) டிரம்மரின் கையில்தான் இருக்கிறது. ஸ்நேரை ரிம்மோடு சேர்த்து உறுதியாக அடித்து, ஹை-ஹாட்டைக் குச்சியின் நுனியால் மெல்லத் தொட வேண்டும். கனமான சிம்பல் இருந்தால் மெல்லியதாக ஒன்றை இரவல் வாங்குங்கள், சீக்கிரம் எழும்பிச் சீக்கிரம் அடங்கும்.

நூல்பிடி

தோல்கட்டு சொன்னதெல்லாம் சரி. நான் மைக் விஷயத்துக்கு வர்றேன்.

உங்க ஸ்நேர் மெலியறதுக்குக் காரணம் தூரம். ஸ்நேர் செட்டோட நடுவுல இல்ல, ஹை-ஹாட் பக்கம் தள்ளி இருக்கு. சிம்பலுக்கு மேல ரெண்டு பக்கமும் மைக் வச்சா, ஸ்நேர்ல இருந்து ஒண்ணு கிட்ட, ஒண்ணு எட்ட. சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகுது. தூர வித்தியாசம் 30 செ.மீ. இருந்தா, ரெண்டையும் சேர்க்கும்போது 570 ஹெர்ட்ஸ் பக்கம் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கும். 10 செ.மீ. இருந்தா 1700 பக்கம் வெட்டும். அங்க பள்ளம் விழுந்த பிறகு ஈக்யூல எவ்வளவு தூக்கினாலும் வராது, ரெண்டு மைக்லயும் சேர்ந்தே ஏறும்.

க்ளின் ஜான்ஸ் முறைதான் உங்க நாலு சேனலுக்குப் பொருத்தம். அவர் லெட் ஸெப்பலினோட முதல் ஆல்பத்தை 1968ல லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோல ரெக்கார்ட் பண்ணின இன்ஜினியர். முதல் மைக் ஸ்நேருக்கு நேர் மேல 1 மீட்டர் உயரத்துல, ஸ்நேரையும் கிக் பெடலையும் பார்த்து. ரெண்டாவது மைக் ஃப்ளோர் டாமைத் தாண்டி டிரம்மரோட வலது பக்கம், ரிம்முக்கு 15 செ.மீ. மேல, டாம் வழியா ஹை-ஹாட்டைப் பார்த்து. ரெண்டும் ஸ்நேர் நடுவுல இருந்து ஒரே தூரம்.

டேப் வச்சு அளக்கறதைவிட நூல் நல்லது. நீட்டாத நூல் ஒண்ணு எடுங்க. ஒரு நுனியை ஸ்நேர் நடுவுல, இன்னொரு நுனியை கிக் பெடலோட பீட்டர் படற இடத்துல பிடிச்சுக்கச் சொல்லுங்க. நூலை முதல் மைக் முனை வரைக்கும் இழுத்து முக்கோணமாக்கி, மைக் படற இடத்துல மார்க்கர்ல ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை அப்படியே விறைப்பா வலது பக்கம் சுத்திக் கொண்டு வந்து ஃப்ளோர் டாம் பக்கம் நிறுத்துங்க. அங்க ரெண்டாவது மைக். ஸ்நேர், கிக் ரெண்டுமே ரெண்டு மைக்குக்கும் ஒரே நேரத்துல வந்து சேரும். மைக் கிரில்ல இல்ல, உள்ள டயாஃப்ரம் இருக்கற மட்டத்துக்கு அளங்க.

கிக்குக்கு டி112ஐ முன் ஹெட்டுக்கு வெளியில 15 செ.மீ. தள்ளி, நடுவை விட்டு ஒரு கை அகலம் ஓரமா வைங்க. மேல ஒரு போர்வை போட்டா சிம்பல் குறையும். ஓவர்ஹெட்டோட (மேல சொன்ன ரெண்டு மைக்) சேர்த்துக் கேட்டுட்டு, சத்த அலையைத் தலைகீழாக்கற போலாரிட்டி பட்டனைத் தட்டிப் பாருங்க. பீட்டர் அடிக்கும்போது தோல் ஓவர்ஹெட்டை விட்டு விலகிப் போகுது, முன் ஹெட் கிக் மைக்கை நோக்கி வருது. அதனால பெரும்பாலும் திருப்பினாதான் அடிச்சத்தம் நிறையும். எந்தப் பக்கம் கனமா இருக்கோ அதுல விட்டுடுங்க.

எஸ்எம்57 ஸ்நேருக்கு, ஆனா மேல இருந்து வேண்டாம். பக்கவாட்டுல ஷெல்லைப் பார்த்து ஒரு சாண் தூரத்துல. மிக்ஸ்ல ஓவர்ஹெட்டைவிட 10, 12 டிபி கீழ இருந்தா போதும்.

9 அடி சீலிங் ஒரு தொந்தரவுதான். மைக்குக்கு மேல ஒரு மீட்டர் சொச்சம்தான் மிச்சம், அங்க பட்டு வர்ற எதிரொலி சுமார் 6 மில்லி செகண்ட்ல வந்துடும். அறை சின்னதுன்னு காட்டிக் கொடுக்கறது அதுதான். 4 அங்குல ராக்வூல் பேனல் ரெண்டு, செட்டுக்கு நேர் மேல, சீலிங்கை விட்டு 4 அங்குலம் இறக்கிக் கட்டுங்க. கீழ செட் அளவுக்கு மட்டும் ஜமுக்காளம். மீதித் தரையை மூடாதீங்க, சத்தம் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும்.

படிக்கட்டு

நாலாவது மைக்கை ஸ்நேருக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேல் மைக் சரியான இடத்தில் இருந்தால் ஸ்நேர் அதிலேயே முழுசாகக் கிடைக்கும். அந்த 57ஐ அறைக் கதவுக்கு வெளியே, கதவைத் திறந்து வைத்து, நடையில் சுவரைப் பார்த்து வையுங்கள். நேரடிச் சத்தம் குறைந்து எதிரொலி மட்டும் வரும். சின்ன அறைக்குள்ளேயே வைக்கிற ரூம் மைக்கில் இது கிடைக்காது.

1971-இல் வெளிவந்த லெட் ஸெப்பலின் நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு ரெக்கார்டிங் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் ஹெட்லி கிரேஞ்ச் வீட்டின் கூடத்தில் செட்டைப் போட்டு, மாடிப்படியின் மேலே பையர் எம்160 ரிப்பன் மைக் இரண்டை வைத்து எடுத்தார். பின்சன் எக்கோரெக் எக்கோவும் பலமான கம்ப்ரஷனும் (சத்தத்தின் உச்சியை அமுக்குவது) அதில் சேர்ந்தன. பக்கத்து மைக்கில் ஈக்யூ போட்டு அதைக் கொண்டுவரவே முடியாது. அந்தச் சத்தத்தைச் செய்தது அந்தக் கூடத்தின் உயரம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் சிமென்ட் மாடிப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். ரெக்கார்டிங் முடிந்ததும் ஓவர்ஹெட் ட்ராக்கை மட்டும் ஒரு ஸ்பீக்கரில் படிக்கட்டுக்குக் கீழே ஓடவிட்டு, ஒன்றரை மாடி மேலே மைக் வைத்துத் திரும்ப எடுங்கள். ஸ்பீக்கர் மைக்கைப் பார்க்காமல் மூலையைப் பார்க்கட்டும். 34 செ.மீ.க்கு 1 மில்லி செகண்ட் என்ற கணக்கில் 5 மீட்டருக்குச் சுமார் 15 மில்லி செகண்ட் தாமதம் வரும். அதை ட்ராக்கில் இழுத்து நேராக்கிவிடாதீர்கள். இடம் பெரிது என்று காதுக்குச் சொல்வதே அந்தத் தாமதம்தான்.

மோனோபட்டன்

மிக்ஸிங் பக்கம். இரண்டு ஓவர்ஹெட்டையும் ஒரே லெவலில் வைத்து, மோனோவில் ஆரம்பியுங்கள். கிக் இல்லாமலே செட் முக்கால்வாசி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மைக்கைத் திரும்ப நகர்த்துங்கள், ப்ளக்-இன்னைத் திறக்காதீர்கள். நின்ற பிறகு கிக்கைக் கீழிருந்து ஏற்றுங்கள். அப்புறம்தான் பான் (இடம், வலம் பிரிப்பது): கேட்பவர் பார்வையில் ஃப்ளோர் டாம் மைக் இடது பக்கம் முழுசாக, மேல் மைக் வலது பக்கம் பாதி.

ஓவர்ஹெட்டில் 100, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். இங்கே ஓவர்ஹெட்தான் செட். 30, 40க்குக் கீழே மட்டும் வெட்டினால் போதும். 400 ஹெர்ட்ஸ் பக்கம் அகலமாக 2 டிபி குறைத்தால் அட்டைப்பெட்டிச் சத்தம் போகும். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஷெல்ஃபாக (மொத்தமாக) 3 டிபி குறையுங்கள். இந்த ஈக்யூ கம்ப்ரஸருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் சிம்பல் கம்ப்ரஸரை இழுக்கும், ஸ்நேர் அமுங்கும்.

கம்ப்ரஸர் 1176 வகை, ரேஷியோ 4:1. அதில் அட்டாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்), ரிலீஸ் (விடும் வேகம்) குமிழ்கள் தலைகீழ்: 7 என்பதுதான் வேகம். அட்டாக் 2 அல்லது 3, ரிலீஸ் 6. ஸ்நேர் அடியில் ஊசி 3 முதல் 5 டிபி இறங்கினால் போதும். அதன் மிக மெதுவான அட்டாக்கே 800 மைக்ரோ செகண்ட்தான், மற்ற கம்ப்ரஸர்களோடு ஒப்பிட்டால் மிக வேகம். அதனால் அதிகம் அழுத்தினால் அடியின் முனை தேய்ந்துவிடும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சிம்பல் பொங்கி எழுந்தால் ரிலீஸைக் குறைத்து வேகத்தைத் தளர்த்துங்கள்.

படிக்கட்டு ட்ராக்குக்கு இந்த நாசூக்கெல்லாம் வேண்டாம். 20:1, 15 டிபி வரை நசுக்குங்கள். 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டு அடியில் மெல்லச் சேருங்கள்.

டேப் ப்ளக்-இன் கடைசியில், டேப் வேகம் 15 ஐபிஎஸ் (நொடிக்கு 15 அங்குலம்). உங்களுக்கு மாற்றம் தெரியாததற்கு உள்ளே போகும் லெவல் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான ப்ளக்-இன்களில் டிஜிட்டல் அளவில் மைனஸ் 18 டிபிஎஃப்எஸ்தான் பூஜ்யம் வியூ (பழைய ஊசி மீட்டரின் பூஜ்யம்). அடிகளின் உச்சி 2, 3 டிபி மழுங்கும் வரை இன்புட்டை ஏற்றி, அவுட்புட்டை அதே அளவு இறக்கிக் கேளுங்கள். ரிவெர்ப் வேண்டுமென்றால் ப்ளேட் (எஃகுத் தகடு அதிர்ந்து வரும் எதிரொலி): 1957-இல் வந்த இஎம்டி 140 மாதிரி, ஒன்றரை நொடி, 200க்குக் கீழே வெட்டி, மொத்த செட்டுக்கும் ஒரே அளவில். ஸ்நேருக்கு மட்டும் தனி ரிவெர்ப், கேட் (அடி முடிந்ததும் சத்தத்தை வெட்டுவது), சாம்பிள் ரீப்ளேஸ்மென்ட் (அடியை வேறு பதிவால் மாற்றுவது) மூன்றும் உங்களை நேராக எண்பதுகளுக்குக் கொண்டுபோய்விடும். அடிகளை க்ரிட்டில் (தாளக் கட்டத்தில்) நகர்த்தித் திருத்துவதும் வேண்டாம்.

கிக்கின் க்ளிக் தேவைப்படும் ஒரு வழியும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 1966-இல் அபே ரோட்டில் பீட்டில்ஸின் இன்ஜினியர் ஜெஃப் எமெரிக் கிக்குக்குள் கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, ஏகேஜி டி20 மைக்கை அங்கே வழக்கமில்லாத நெருக்கத்தில் வைத்து, ஃபேர்சைல்ட் லிமிட்டரில் அழுத்தினார். துண்டு போடும் வழிக்குப் போனால் கிக்குக்கு இதுதான் ஜோடி.

கிக்_பெடல்

எல்லோருக்கும் நன்றி. கோட்டட் ஹெட், ஃபெல்ட் பட்டை, நூல் அளவு மூன்றும் செய்து பார்த்தேன். மோனோவில் ஸ்நேர் மெலியவில்லை. கிக் திருப்பிய போலாரிட்டியில்தான் கனமாக இருக்கிறது. இரண்டு சந்தேகம்: மேல் மைக்கில் ஹை-ஹாட் இன்னும் அதிகம். ஃப்ளோர் டாம் அடித்தால் இடது பக்கம் மட்டும் வெடிக்கிறது. ரிப்பன் மைக் வாங்கினால் தீருமா?

நூல்பிடி

ரெண்டும் இடம் மாத்தினா தீரும். மேல் மைக்கை ஹை-ஹாட் பக்கத்துல இருந்து கிக் பக்கமா ஒரு சாண் நகர்த்துங்க, முகம் ஸ்நேரையே பார்க்கட்டும். ஹை-ஹாட் ஸ்டாண்டை 5 செ.மீ. இறக்குங்க. ஃப்ளோர் டாம் மைக்கை 15ல இருந்து 25 செ.மீ.க்கு ஏத்துங்க, டாம் மட்டும் 4 டிபி போல குறையும். ரெண்டு மைக்குமே நகர்ந்ததால நூலை மறுபடி பிடிச்சுப் பார்க்கணும்.

ரிப்பன் சிம்பலை மென்மையாக்கும், நிஜம்தான். ஆனா பல ரிப்பன் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்கும், சீலிங்கும் சேர்ந்து வரும். பேனல் கட்டாம வாங்காதீங்க. வாங்கினா அந்தச் சேனல்ல 48 வோல்ட் ஃபாண்டம் (கேபிள் வழியா மைக்குக்குப் போற மின்சாரம்) ஆஃப்ல இருக்கான்னு பார்த்துட்டு கேபிளைச் செருகுங்க. கேபிள்ல ஒயரிங் கோளாறு இருந்தா ரிப்பன் போயிடும்.

தோல்கட்டு

அந்தப் பணத்துக்கு முதலில் மெல்லிய 14 அங்குல ஹை-ஹாட் ஒரு ஜோடி பாருங்கள். அதோடு, புது ஹெட் ஒரு நாளில் தளர்ந்துவிடும். ரெக்கார்டிங்குக்கு முந்தைய நாளே போட்டு, நடுவில் நன்றாக அழுத்தி விட்டு, மறுநாள் காலையில் இரண்டாவது முறை ட்யூன் பண்ணிவிட்டு எடுங்கள். டேக்குகளுக்கு நடுவே ஸ்நேரில் ரிம்ஷாட் விழுகிற பக்கத்து லக் இரண்டையும் சரிபாருங்கள், முதலில் இறங்குவது அவைதான்.