மூணாவது தெரு குழு: மாஸ்டர் பிளான் மனு

[இரவு 8:12] செயலாளர்: எல்லாருக்கும் வணக்கம். சென்னையோட மூணாவது மாஸ்டர் பிளானுக்கு (எந்த நிலத்துல என்ன வரலாம்னு சொல்ற நகரத் திட்டம்) நம்ம தெரு சார்பா மனு கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு முன்னாடி என்னென்ன சேர்க்கலாம்னு இங்கயே போடுங்க.

[8:15] மாடி வீட்டுத் தம்பி: நம்ம தெரு விஷயத்தை எல்லாமா சார் அதுல பார்ப்பாங்க?

[8:19] சர்வேயர் ஐயா: பார்க்க வைக்கணும் தம்பி. முதல் பிளான் 1976. ரெண்டாவது 2008 செப்டம்பர்ல வந்துச்சு, 2026 வரைக்கும். அடுத்தது 2046 வரைக்கும். உங்க பாப்பா காலேஜ் முடிச்சு வேலைக்குப் போற வரைக்கும் அந்த வரைபடம்தான்.

[8:21] கார்னர் வீட்டு அக்கா: ஐயா, அதுல எழுதினா வீட்டுக்குள்ள தண்ணி வராம இருக்குமா? 2015லயும் வந்துச்சு, 2023 மிக்ஜாம் புயல்லயும் வந்துச்சு. ரெண்டாவது தடவை அடுப்பு மேடை வரைக்கும். அரிசி டிரம் மிதந்துச்சு. மாமியாரை நாற்காலியோட மாடிக்குத் தூக்கினோம்.

[8:30] சர்வேயர் ஐயா: அதுக்குத்தான்மா சொல்றேன். ஏரிக் கலங்கல்ல இருந்து, அதாவது ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வழியற இடத்துல இருந்து, பள்ளிக்கரணை சதுப்புக்குப் போற வாய்க்கால் உங்க வீட்டுக்குப் பின்னாடிதான். பழைய எஃப்.எம்.பி.யில (நில அளவைப் படம்) அகலம் பத்து மீட்டர். 'அ' பதிவேட்டுல, அதாவது கிராம நிலப் பதிவேட்டுல, வாய்க்கால் புறம்போக்கு. நேத்து காலைல டேப் பிடிச்சேன், 2 மீட்டர் 20 சென்டி. ஆனா மாஸ்டர் பிளானோட நில உபயோக வரைபடத்துல அந்த இடம் மொத்தமும் குடியிருப்பு.

[8:33] மாடி வீட்டுத் தம்பி: பிளான் வந்துட்டா அப்புறம் மாத்த முடியாதுன்னு சொல்றாங்களே?

[8:41] சர்வேயர் ஐயா: மாத்திக்கிட்டேதான் இருக்காங்க. பேப்பர்ல சின்ன எழுத்துல விளம்பரம் வரும், இந்த சர்வே நம்பரை விவசாயத்துல இருந்து குடியிருப்பா மாத்தக் கேட்டிருக்காங்க, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு. ஒவ்வொரு மனையா மாறும்போது அந்த மனைக்காரருக்கு வேணுங்கறதுதான் மேசைக்கு வரும். பக்கத்து வாய்க்காலுக்காகப் பேச ஆள் இருக்காது.
1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல 32வது பிரிவு பாருங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை முழு பிளானையும் மறு ஆய்வு பண்ணலாம். 'பண்ணலாம்'. அதை 'பண்ணியே ஆகணும்'னு ஆக்கச் சொல்லிக் கேக்கணும். என்னைக் கேட்டா மனுவுல முதல் வரியே அதுதான்.

[8:44] செயலாளர்: அஞ்சு வருஷத்துல அப்படி என்ன ஐயா மாறிடப் போகுது?

[8:50] சர்வேயர் ஐயா: 2008ல பிளான் போட்டப்ப மெட்ரோ ஓடல. 2011ல மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டரா விரிஞ்சுது. 2015 வெள்ளம். 2019ல புது கட்டட விதி வந்து எஃப்.எஸ்.ஐ. (மனை அளவுல எத்தனை மடங்கு கட்டலாங்கற கணக்கு) ஒன்றரையில இருந்து ரெண்டாச்சு. 2022ல பள்ளிக்கரணை ராம்சார் தலமாச்சு, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்னு பட்டியல்ல வந்துச்சு. இதெல்லாம் தெரியாத வரைபடத்தை வெச்சுக்கிட்டு எப்படிச் சார் ஊரை நடத்தறது?

[8:52] முதல் தெரு அண்ணன்: குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். வாய்க்கால் பத்து மீட்டர்னு நீங்க எழுதினா என் வீடு அதுக்குள்ள வரும். பட்டா பார்த்துதான் வாங்கினேன். லோன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு.

[8:58] கார்னர் வீட்டு அக்கா: அண்ணே, உங்க வீட்டை இடிக்கணும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அன்னிக்குப் படகு வந்தப்ப என் பிள்ளைங்களை ஏத்திவிட்டது நீங்கதான்.

[9:03] சர்வேயர் ஐயா: கட்டின வீட்டைப் பத்தி மனுவுல ஒரு வார்த்தை வேண்டாம். கலங்கல் பக்கம் இன்னும் நாலு மனை காலியா கிடக்கு. அதுல கட்டடம் எழும்பறதுக்குள்ள வாய்க்காலை அளந்து வரைபடத்துல நீர்நிலைன்னு குறிக்கணும். அந்த இடத்துல அகலப்படுத்தினாலே தண்ணி பாதி வடியும். வரைவு வெளியானதும் ஆட்சேபணை சொல்லக் குறைஞ்சது ரெண்டு மாசம் கிடைக்கும். 'எங்க ஏரியாவுல தண்ணி நிக்குது'ன்னு மட்டும் எழுதினா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. சர்வே நம்பர், அளவு, போட்டோ வேணும்.

[9:06] முதல் தெரு அண்ணன்: அப்படின்னா சரி ஐயா. நாளைக்குக் காலைல டேப்போட இன்னொரு முனையை நான் பிடிக்கிறேன்.

[9:14] கார்னர் வீட்டு அக்கா: அடுக்களைச் சுவத்துல தண்ணி நின்ன கோடு இருக்கு. வெள்ளையடிச்சப்ப அந்த மூலையை மட்டும் விடச் சொன்னேன். ஸ்கேல் வெச்சு எடுத்திருக்கேன். தரையில இருந்து 83 சென்டி.
📷 புகைப்படம்