கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன், ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பதிவு

அப்பாவின் காது கேட்கும் கருவி பழுது பார்க்கப் போய் 19 நாள் ஆகியிருந்தது. அன்றைக்குக் காலை 8:10-க்கே குறுஞ்செய்தி வந்துவிட்டது: ‘உங்கள் பார்சல் இன்று டெலிவரிக்குப் புறப்பட்டது.’ கருவி இல்லாமல் அப்பாவுக்கு அழைப்பு மணி கேட்காது, கதவை இடித்தாலும் கேட்காது. ஓடிபி சொல்லித்தான் வாங்க வேண்டும் என்பதால் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

குளிக்கக்கூடப் போகவில்லை. மதியச் சாப்பாட்டுத் தட்டும் வாசலுக்கே வந்துவிட்டது. தெருவில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் எழுந்து எட்டிப் பார்ப்பேன். உள்ளேயிருந்து அப்பா, வந்துவிட்டதா என்று கையை விரித்துக் கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். எத்தனை தடவை அப்படி ஆட்டினேனோ தெரியாது.

3:42-க்குப் போன் அதிர்ந்தது. ‘டெலிவரி செய்ய முயன்றோம். வீட்டில் ஆள் இல்லை.’

மணி அடிக்கவில்லை, அழைப்பு வரவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரை ஓடினேன். ஒரு வண்டியும் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் 26 நிமிடம் காத்திருந்த பிறகு ஒருவர் பேசினார். “எங்கள் பதிவில் நீங்கள் வீட்டில் இல்லை என்றுதான் இருக்கிறது மேடம்.” “நான் வீட்டிலிருந்துதானே பேசுகிறேன்?” “பதிவில் அப்படித்தான் இருக்கிறது மேடம்.” பார்சல் வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தவள் சொல்வதற்கு மதிப்பில்லை, யாரோ அழுத்திய ஒரு பொத்தானுக்கு மதிப்பு என்பதுதான் என்னை அழவைத்தது.

மறுநாளும் விடுப்பு. அன்றைக்குக் காரணம் மாறியது: ‘முகவரி முழுமையாக இல்லை.’ மூன்றாவது முறையும் தவறினால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்றார்கள். சரி, இனி காத்திருந்து பயனில்லை என்று அவர்களுடைய கிடங்கைத் தேடிப் போனேன்.

அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். ட்ராக்கிங் எண்ணைப் பார்த்து, அடுக்கிலிருந்து பெட்டியை எடுத்து வந்தார். உள்ளங்கை அகலம்தான். ஒட்டியிருந்த லேபிளைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தெருப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கதவு எண்ணைக் காணோம். முகவரியைக் குடியிருப்பின் நீளமான பெயரில் ஆரம்பித்து, கதவு எண்ணை வரியின் கடைசியில் எழுதியிருந்தேன். லேபிளின் அகலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பெயரின் பாதியோடு வெட்டுப்பட்டு நின்ற அந்த வரியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது முகவரி நிரப்பப் போனால் கதவு எண்ணை முதலில் எழுதுங்கள். அடையாளம், வழி எல்லாம் அப்புறம்.

ஆனால் வீடு தெரியவில்லை என்றால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. ‘ஆள் இல்லை’ என்று ஏன் போட்டார்கள்?

*

உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். இரண்டு வருடம் டெலிவரி வேலை பார்த்தவன் நான். கையில் இருக்கும் கருவியில் காரணம் எழுத இடமே கிடையாது. நாலைந்து வாசகங்கள் வரும், ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பார்சல் திறக்கும். வேலை முடிவதற்குள் எல்லா எண்ணையும் ஏதாவது ஒரு கணக்கில் முடித்தாக வேண்டும். ‘நேரம் போதவில்லை’ என்றோ, ‘வரைபடத்தில் புள்ளி தப்பான தெருவில் விழுந்திருக்கிறது’ என்றோ ஒரு வாசகம் நான் பார்த்ததில்லை. எங்களுக்குக் கொடுத்துமுடித்த பார்சலுக்கு மட்டும்தான் காசு. ஒரு வீட்டைத் தேடி 15 நிமிடம் சுற்றினால் அது எங்கள் கையிலிருந்து போவது.

அதற்காக அந்தப் பொய் சரியாகிவிடாது. நானும் அந்த வாசகத்தைத் தொட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒருவர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது படிக்கும்போது கஷ்டமாக இருக்கிறது.

*

எனக்கு நடந்தது வேறு மாதிரி. வெளிநாட்டிலிருந்து அக்கா அஞ்சலில் அனுப்பிய பார்சல். ரசீதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள், கொஞ்சம் மங்கல். அலுவலகத்தில் கேட்டால் ‘அப்படி ஒரு எண்ணே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பன்னாட்டு அஞ்சல் எண்ணில் 13 இடங்கள்: முன்னால் 2 ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், பின்னால் அனுப்பும் நாட்டின் 2 எழுத்துக் குறி. 9-வது இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 8 இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அந்த இலக்கம் வர வேண்டும் (10 வந்தால் 0, 11 வந்தால் 5). ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. 3 என்று நான் படித்ததை 8 ஆக்கினேன், கணக்கு அப்படியே பொருந்தியது. பார்சல் ஒரு வாரமாக இங்கேயேதான் இருந்திருக்கிறது.

*

உண்மையைச் சொன்னதற்கு நன்றி தம்பி. உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கிடங்கிலிருந்து வந்ததும் அப்பா கருவியை மாட்டிக்கொண்டு, மின்விசிறி இவ்வளவு சத்தமா போடும் என்று கேட்டார்.

அந்த இரண்டு பதிவுகளையும் திருத்தச் சொல்லி, வெட்டுப்பட்ட லேபிளின் படத்தோடு எழுதிப் போட்டேன். பார்சல்தான் கிடைத்துவிட்டதே என்று பதில் வந்தது. இன்றைக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். நான் வீட்டில்தான் இருந்தேன்.