கிரேசி க்யூரெட்: வெட்டும் விளிம்பு குழப்புகிறது, உதவுங்கள்

வணக்கம். டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் தேர்வு. ஃப்ளோரைடு, பற்களின் எண் முறை எல்லாம் சரி, பற்காரையைச் சுரண்டி எடுக்கும் கருவியான கிரேசி க்யூரெட்டில்தான் திணறுகிறேன்.

முன்பற்களுக்கு 1/2, 3/4 எண் கருவிகள். கடைவாய்ப்பல்லின் மீசியல் (முன்பற்களை நோக்கிய) பக்கத்துக்கு 11/12, டிஸ்டலுக்கு (தொண்டையை நோக்கிய பக்கத்துக்கு) 13/14. எண்கள் மனதில் நிற்கின்றன. யுனிவர்சல் என்ற இன்னொரு வகை க்யூரெட்டில் இரண்டு விளிம்பும் வெட்டும், கிரேசியில் பிளேடு சாய்ந்திருப்பதால் தாழ்ந்த விளிம்பு மட்டும்தான் என்பதும் தெரியும். ஷாங்க்கின் (கைப்பிடிக்கும் பிளேடுக்கும் இடையிலுள்ள தண்டின்) பிளேடை ஒட்டிய கடைசிப் பகுதியைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் அது தெரிகிறது. ஆனால் பல்லில் வைத்ததும் மாறிவிடுகிறது. தவறான விளிம்பு பட்டால் ஈறு கிழியும், பற்காரை அப்படியே இருக்கும். அதுதான் பயம்.

அக்கா, அண்ணா யாராவது, வாய்க்குள் வைத்த பிறகு சரியான விளிம்பை எப்படி உறுதி செய்கிறீர்கள்? அப்புறம், செய்முறைத் தேர்வில் இதைப் பற்றி என்ன கேட்டார்கள்?