கியோகுரோ தேநீருக்கு எந்தக் கெண்டி: ஹோஹினா, ஷிபோரிதாஷியா?

போன மாதம் ஜப்பானில் நகோயா பக்கம் டோகோனாமே போனபோது கையால் செய்த கியூசு ஒன்று வாங்கி வந்தேன், பக்கவாட்டில் கைப்பிடி வைத்த, கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) பூசாத செம்மண் கெண்டி. சாதாரண சென்ச்சாவுக்கு (ஜப்பானியப் பச்சைத் தேநீர்) அருமை. ஆனால் அதிக நேரம் ஆவியில் வேகவைத்த ஃபுகாமுஷி சென்ச்சா போட்டால் தூள் இலை மூக்கடியில் இருக்கும் மண் சல்லடையை அடைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு இறங்குவதற்குள் தேநீர் கசந்துவிடுகிறது (பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தும் பார்த்தாச்சு). சரி, அது போகட்டும். இப்போது நிழலில் வளர்த்த உயர்ரகப் பச்சைத் தேயிலையான கியோகுரோ மேல் ஆசை வந்திருக்கிறது. அதற்கு 50-60 டிகிரி வெந்நீர்தான் என்பதால் கைப்பிடியே தேவையில்லை, கை சுடாது. கைப்பிடி இல்லாத, சல்லடை உள்ள குட்டிக் கெண்டியான ஹோஹின் வாங்கலாமா, இல்லை கைப்பிடியோடு சல்லடையும் இல்லாமல் மூக்கருகே வரிப்பள்ளம் மட்டும் உள்ள ஷிபோரிதாஷியா? 100 மில்லி போதும், குடிக்கிறவள் நான் ஒருத்திதான். இரண்டையும் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன், அப்புறம் உள்ளே கிளேஸ் பூசியதா பூசாததா என்பதையும்.