சித்தியின்ர வெள்ளை மணிபிளான்ட்

குழு: மாங்குளம் வீட்டு ஆக்கள்

சித்தி: [படம்] எப்பிடி? கொழும்பில இருந்து பஸ்ஸில போட்டு விட்டவை. பேர்ல்ஸ் அண்ட் ஜேட். புது இனமாம்.

பெரியம்மா: உது மணிபிளான்ட் எல்லோ. எங்கட கிணத்தடி மாமரத்தில ஏறிக் கிடக்கு, வெட்டி எறிய ஆளில்லை.

சித்தி: அக்கா, கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்கோ. இலை சின்னன். வெள்ளையைப் பாருங்கோ, என்ன வடிவு.

பெரியம்மா: வடிவு சரி. எவ்வளவு?

சித்தி: பிறகு சொல்லுறன்.

சின்ன மாமா: அப்ப கன காசுதான் 😂

நிலா: பெரியம்மா சொல்லுறதும் சரி. அடி மணிபிளான்ட்தான். அதில மாபிள் குயின் எண்டு வெள்ளை கலந்த இனம் ஒண்டு இருக்கு. புளோரிடா பல்கலைக்கழகத்தில அதுக்குக் கதிர்வீச்சுக் குடுத்து, மாறி வந்த கண்டுகளுக்குள்ள தெரிஞ்செடுத்ததுதான் பேர்ல்ஸ் அண்ட் ஜேட்.

சின்ன மாமா: செடிக்கும் எக்ஸ்ரேயோ? மாங்கண்டு மாதிரி ஒட்டினாப் போச்சு.

நிலா: ஒட்டினா அதே மாங்காய்தான் மாமா காய்க்கும். புது இனம் வேணுமெண்டா மகரந்தம் மாத்திக் கட்டோணும். உது பூத்தாத்தானே! தானாப் பூத்ததா கடைசியாப் பதிஞ்சது 1964 இல. பூக்கிறதுக்கு வேண்டிய ஜிபரலின் ஓமோனைச் செய்யிற மரபணு உதில சரியா வேலை செய்யாது எண்டு 2016 இல கண்டுபிடிச்சவை.

பெரியம்மா: அதுதான் இத்தினை வருசம் ஒரு பூவையும் காணேல்லை. நான் பசளை காணாதெண்டு சாணி எல்லாம் போட்டன்.

நிலா: 😂😂 சித்தி, இலையைக் கிட்டப் பிடிச்சு இன்னொரு படம் போடுங்கோ.

சித்தி: [படம்]

நிலா: பேர்ல்ஸ் அண்ட் ஜேட் எண்டா வெள்ளைக்குள்ள சாம்பல் பச்சையாப் பொட்டுப் பொட்டா இருக்கோணும். இதில வெள்ளை தனிய, பச்சை தனிய, வெட்டி ஒட்டின மாதிரிக் கிடக்கு.

சித்தி: பொட்டு இருக்கடி. ஓரத்தைப் பார்.

நிலா: ஈரத்துணியால ஒருக்காத் துடையுங்கோ.

சித்தி: ...போட்டுது.

சின்ன மாமா: சோளகக் காத்துக்குக் கிரவல் ரோட்டுப் புழுதி 🤣🤣

நிலா: இது என்ஜோய் சித்தி. அதுவும் மாபிள் குயின்ர பிள்ளைதான். மும்பையில நேர்சரி ஒண்டில தானா மாறி வந்தது, கதிர்வீச்சு ஒண்டுமில்லை. நல்ல செடிதான், பேரைத்தான் மாத்தி வித்திருக்கினம்.

சித்தி: அவையோட நான் கதைக்கிறன்.

மாமி: என்னவோ, எனக்கும் ஒரு துண்டு தா. ஹோர்லிக்ஸ் போத்தலில தண்ணி விட்டு ஜன்னலில வைப்பம்.

சின்ன மாமா: வையுங்கோ. டெங்கு பாக்க பிஎச்ஐ, சுகாதாரப் பரிசோதகர், வந்தா முதல்ல அந்தப் போத்தலைத்தான் தூக்கிப் பாப்பார்.

நிலா: கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணியை ஊத்திப்போட்டு, போத்தலின்ர உள்பக்கத்தையும் உரஞ்சிக் கழுவுங்கோ மாமி, நுளம்பு முட்டை சுவரில ஒட்டியிருக்கும். வேர் விட்டவுடன தும்புச்சோறும் மண்ணும் கலந்து சாடியில வையுங்கோ. துண்டில கணு இருக்கோணும். கணு இல்லாத தனி இலை வேர் விட்டாலும் கொடி வராது.

சித்தி: எனக்கு ஒரு இலை முழு வெள்ளையா வந்திருக்கு. அந்தக் கொப்பை வைச்சா முழு வெள்ளைச் செடி வருமோ?

நிலா: செத்துப் போகும். வெள்ளையில பச்சையம் இல்லை, சாப்பாடு செய்யாது. பச்சைதான் மிச்சத்துக்கும் சேத்து உழைக்குது. அதாலதான் கிணத்தடியில நிக்கிறது மாதிரி உது ஓடாது. விறாந்தையில வெளிச்சமான இடத்தில வையுங்கோ, நேர வெயில் பட்டா வெள்ளை கருகிடும்.

பெரியம்மா: ஆடு தின்னுமோ?

நிலா: குடாதேங்கோ. சேம்பு வகைதான், வாய் எரியும். பேரனையும் கிட்ட விடாதேங்கோ.

மாமி: சனிக்கிழமை சந்தைக்கு வரேக்க வாறன். கத்திரிக்கோல் நான் கொண்டு வாறன்.

சித்தி: முதல்ல ஒரு முழமாவது வளரட்டும் மச்சாள் 🙏