டிரான்ஸ்கிரிப்ட்டுக்குத் தமிழ்ல என்ன போடுறது? திங்கட்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். வாய்மொழி வரலாறு பதிவு பண்றது பத்தி மாணவர்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்த்துக்கிட்டிருக்கேன். நேர்காணல், ஒலிப்பதிவு, ஒப்புதல் படிவம் எல்லாம் பிரச்சினை இல்ல, டிரான்ஸ்கிரிப்ட்லதான், அதாவது ஒலிப்பதிவுல பேசினத அப்படியே எழுத்துல எழுதி வைக்கிறதுலதான் மாட்டிக்கிட்டேன். ஒலிபெயர்ப்புன்னா டிரான்ஸ்லிட்டரேஷன்னு, ஒரு மொழிச் சொல்ல இன்னொரு மொழி எழுத்துல எழுதுறதுன்னு நினைக்கிறாங்க. படியெடுத்தல்னு போட்டேன், "சார், டிஎன்ஏ பாடமா"ன்னு கேக்குது ஒரு பொண்ணு. நல்ல சொல்லா ஒண்ணு சொல்லுங்க.

———

எழுத்துப்பெயர்ப்பு. இதுல யோசிக்க என்ன இருக்கு? தொல்காப்பியர் மரபியல்ல வழிநூல் வகை சொல்லும்போதே "மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்"னுட்டார். பெயர்க்கிறதுன்னா இடம் மாத்துறது, பேச்சு எழுத்துக்கு இடம் மாறுது, அவ்வளவுதான்.

———

ஐயா, நம்ம இலக்கணத்துல எழுத்துன்னாலே ஒலிதானே? "மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து"ன்னு நன்னூல் சொல்லுது. அப்ப ஒலியை எடுத்து ஒலிக்கே பெயர்க்கிறதா? இன்னொண்ணு, எழுதுறதுன்னா பழசுல தீட்டுறதும்தான். குறள்ல ஒருத்தி "கண்ணும் எழுதேம்"ங்கிறா, காதலர் கண்ணுக்குள்ள இருக்கார், மை தீட்டினா மறைஞ்சுடுவாராம். நாம செய்ற வேலையும் அதேதான், மை ஏற ஏற பேசின ஆள் மறைஞ்சுடுவார். அதனால கேக்குறதும் சொல்லுக்குள்ள இருக்கட்டும்: கேட்டெழுத்து.

———

கேட்டெழுத்துன்னா பள்ளிக்கூடத்துல சொல்வதை எழுதுதல் ஞாபகம்தான் வருது, தப்புக்குப் பத்து தடவை இம்போசிஷன் வேற. அதோட "கேட்டு"ங்கிற வினையெச்சம் எப்படிங்க பெயர்ச்சொல்லப் போய் ஒட்டும்?

———

கண்டுபிடிப்பு ஒட்டலையா?

———

நான் இந்த வேலையே செய்றவ, நாலு நாளா படிச்சுட்டு சும்மா இருந்தேன். ஒரு மணி நேர ஆடியோவுக்கு எனக்கு ஆறு மணி நேரமாவது ஆகும், ரெண்டு பேர் ஒண்ணாப் பேசிட்டா இன்னும் இழுக்கும். "வந்துட்டேன்"னு அவங்க சொன்னத "வந்துவிட்டேன்"னு திருத்துறதா வேணாமா, அழுததையும் பேச்சு நின்னதையும் பகர அடைப்புக்குள்ள எப்படிக் குறிக்கிறது, இதுலதான் எங்களுக்குச் சண்டையே. உங்க சொல் எல்லாமே செயலுக்குத்தான் இருக்கு. கையில இருக்கிற தாளுக்கு என்ன பேரு? "இந்த எழுத்துப்பெயர்ப்பப் பாட்டிக்குப் படிச்சுக் காட்டி ஒப்புதல் வாங்கிட்டு வா"ன்னு ஒரு தடவை வாயால சொல்லிப் பாருங்க. மூலம் ஆடியோ, இது அதோட படி. பேச்சுப்படின்னு வைங்க.

———

அக்கா, பேச்சுப்படின்னா பயணப்படி மாதிரி, பேசுறதுக்குத் தனியா அலவன்ஸ் தர்றாங்கன்னு நினைச்சுக்குவாங்க :)

———

படிங்கிற சொல் எனக்குப் பிடிச்சிருக்கு, ஏட்டுப் படிகளோட உறவு இருக்கு. ஓலையில மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறதே அபூர்வம், எகரம் ஏகாரமா, ஒகரம் ஓகாரமான்னு படிக்கிறவர்தான் இடம் பாத்துத் தெரிஞ்சுக்கணும். நம்ம தாளும் அந்த ஓலை மாதிரிதான். "அப்படியா"ன்னு எழுதிட்டோம், ஆச்சரியமா நக்கலா, ஆடியோவத் திருப்பிப் போட்டாத்தான் தெரியும். அதனாலதான் ஓரத்துல நிமிஷக் கணக்கு போடச் சொல்றது. குறுந்தொகையில வேதத்த "எழுதாக் கற்பு"ங்கிறாங்க, எழுதி வைக்காத கல்வின்னு அர்த்தம், அதைப் பத்தி தனி இழையே தொடங்கலாம்...

———

தயவுசெஞ்சு தனி இழையிலயே தொடங்குங்க. நாளைக்குப் பிரிண்ட்டுக்குப் போகுது.

———

சரி, எழுத்துப்பெயர்ப்புல இருந்து எழுத்து, பேச்சுப்படியில இருந்து படி, ரெண்டையும் சேத்து எழுத்துப்படின்னும் ஒண்ணு வெச்சு எண்ணிப் பாத்தேன். எழுத்துப்படிக்கு மூணு பேர் தனி மடல்ல சரின்னுட்டாங்க, பேச்சுப்படிக்கு அக்கா மட்டும், பாக்கிப் பேர் அசந்துட்டாங்க போல. தாளுக்கு எழுத்துப்படி, வேலைக்கு எழுத்துப்படி எடுத்தல்னு போட்டுட்டேன். முதல் பக்கத்துல ஒரே ஒரு இடத்துல டிரான்ஸ்கிரிப்ட்னும் இருக்கு, மன்னிச்சுக்குங்க.

———

என் எதிர்ப்பு பதிவாகட்டும். எழுத்துப்படின்னா எழுத்தோட படின்னு ஆயிடும். நாம படி எடுக்கிறது பேச்சை. எந்த வேற்றுமைத் தொகையா இதை விரிக்கிறீங்கன்னு யாராவது சொல்லுங்க.

———

வகுப்பு முடிஞ்சுது. பிள்ளைங்க "டைப் பண்ணதை எப்ப தரணும் சார்"னு கேட்டாங்க.